பிறர் மதம் கூறல்

கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்தலாமா, கூடாதா என்ற கேள்வி 1943ஆம் ஆண்டில் இரண்டு மேடைகளில் விவாதிக்கப்பட்டது. பிப்ரவரியில் சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் ரா.பி. சேதுப்பிள்ளையும், மார்ச்சில் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் கூடாது என்று வாதிட்டார்கள். இரண்டு இடங்களிலும் கொளுத்தத்தான் வேண்டும் என்று வாதிட்டவர், அப்போது முப்பத்து மூன்று வயதான சி.என். அண்ணாதுரை. அந்த உரைகள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாக வந்தன. முதுகலை மாணவர்களுக்குக் கம்பனைப் பாடம் சொல்லத் தொடங்கும் முன் ஒவ்வோர் ஆண்டும் அந்தச் சிறு நூலை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுவது என் வழக்கம்.

அதில் என்னை ஈர்ப்பது யார் வென்றார் என்பதன்று. கொளுத்த வேண்டும் என்றவரும் கூடாது என்றவர்களும் ஒரே நூலை ஆழ்ந்து படித்திருந்தார்கள் என்பதுதான். அண்ணா கம்பனை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மேடையேறவில்லை. ‘கம்பரசம்’ எழுதியவர் கம்பனைப் படலம் படலமாகப் படித்தே எழுதினார். எதிரே நின்ற பாரதியாரும் கண்மூடித்தனமான பக்தர் அல்லர். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்று நூல் எழுதி, இராமனின் தந்தையையே குற்றக் கூண்டில் நிறுத்திய வழக்கறிஞர் அவர். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1937-38இல் கட்டாய இந்தியை எதிர்த்துப் போராட்டம் எழுந்தபோது பாரதியாரும் அண்ணாவும் ஒரே அணியில் நின்றவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து ஒரு நூலைப் பற்றி நேருக்கு நேர் மோதினார்கள். ஒன்றில் உடன்பட்டவர் எல்லாவற்றிலும் உடன்பட வேண்டும் என்றோ, ஒன்றில் மாறுபட்டவர் எல்லாவற்றிலும் பகைவர் என்றோ அவர்கள் கருதியதாகத் தெரியவில்லை.

இன்று இதை நினைவுகூரக் காரணம் உண்டு. அரசியல் கருத்து வேறுபாடு நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் எந்தத் தேநீர்க் கடைக்கும் அது தெரியும். புதிது என்னவென்றால், எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதே தெரியாமல் அதை வெறுக்க முடிகிறது. எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் பதினைந்து ஆண்டுகள் ஒரே மேசையில் உணவைப் பகிர்ந்துண்ட இருவர், 2024 மக்களவைத் தேர்தலுக்குப் பின் தனித்தனியே உண்கிறார்கள். அவர்களுக்குள் ஒரு விவாதம்கூட நடக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. கைபேசியில் ஒருவர் அனுப்பியதை மற்றவர் பார்த்தார். மற்றவர் அனுப்பியதை இவர் பார்த்தார். அவ்வளவுதான். வாய் திறந்து ஒரு சொல் பேசாமலேயே உறவு முடிந்துபோயிற்று.

இத்தகைய பிளவுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் பெரியவர்கள் ‘பொதுவான தளம் ஒன்றைக் காண வேண்டும்’ என்பார்கள். பொதுத்தளம் என்றால் இரு தரப்பும் பாதி பாதி விட்டுக்கொடுத்து நடுவில் வந்து நிற்கும் இடம் என்றே பெரும்பாலும் பொருள்கொள்ளப்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கொளுத்து என்பவருக்கும் கொளுத்தாதே என்பவருக்கும் நடுவே என்ன இருக்கிறது? பாதி நூலைக் கொளுத்துவதா? அவர்களுக்கிடையே இருந்த பொதுத்தளம் ஒரு நடுக்கருத்தன்று. இருவரும் படித்த நூலும், ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் கேட்டிருக்கும் அவையும்தான்.

இந்த ஒழுங்கை நம் மொழி நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. ‘மதம்’ என்ற சொல்லுக்கு இன்று சமயம் என்ற ஒரு பொருளே முன்னிற்கிறது. பழைய வழக்கில் அது கொள்கை, கருத்து என்ற பொருளையே முதன்மையாகத் தந்தது. நன்னூலின் பாயிரம், நூல் எழுதுவோன் கைக்கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என வகுக்கிறது. பிறர் கருத்தோடு உடன்படுவதும் ஒரு மதம், மறுப்பதும் ஒரு மதம். பிறர் கருத்தை முதலில் தானே ஏற்றுச் சொல்லிப் பிறகு களைவது இன்னொன்று. இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிவதும் அந்த ஏழில் அடங்கும். எல்லாவற்றையும் கலந்து நடுவில் நிற்பது என்று ஒன்று அந்தப் பட்டியலில் இல்லை. பக்கம் சேர்வதை இலக்கணம் குறையாகக் கருதவில்லை. மற்றவர் கருத்தை எடுத்துச் சொன்ன பிறகு சேர் என்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை எழுதியபோது அதைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பிரித்தார். தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு முன்னே, பிறர் கொள்கைகளைச் சொல்லும் பரபக்கம் வருகிறது. உலகாயதன் மதம் என்று ஒரு பகுதி, அதன்பின் அந்த மதத்துக்கு மறுதலை. அடுத்துப் பௌத்தர், அடுத்துச் சமணர் என்று வரிசை நீள்கிறது. கடவுளே இல்லை என்பவன் தன் வாதத்தைச் சொல்லி முடித்த பின்னரே சைவ ஆசிரியர் வாய் திறக்கிறார். உலகாயதம் பற்றித் தமிழில் அறிய விரும்பும் மாணவனை நான் இன்றும் இந்தச் சைவ சாத்திர நூலிடம்தான் அனுப்புகிறேன்.

இதைவிட வியப்பானது குண்டலகேசியின் கதை. ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான அந்தப் பௌத்த நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. அதற்கு மறுப்பாக எழுந்த சமண நூல் நீலகேசி. அந்த நீலகேசிக்குச் சமய திவாகர வாமன முனிவர் எழுதிய உரை இல்லையென்றால், குண்டலகேசியின் வாதங்கள் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கக்கூட நமக்கு வழி மிகக் குறைவு. எதிரியின் நூலை எதிரியே காத்துத் தந்திருக்கிறான். அன்பினால் காத்தான் என்று சொல்லமாட்டேன். நீலகேசியின் சொற்கள் பல இடங்களில் கடுமையானவை. ஒழுங்காக மறுக்க வேண்டுமானால் மறுக்கப்படுவதை ஒழுங்காகச் சொல்லியாக வேண்டும் என்ற அறிவு நேர்மைதான் காத்தது.

இந்த நேர்மையை நான் முதலில் கண்டது நூல்களில் அல்ல, வீட்டில். என் தந்தை தொடக்கப்பள்ளி ஆசிரியர்; திராவிட இயக்கத்தவர். என் தாய்மாமன் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். வைணவர், காங்கிரஸ்காரர், கம்பப் பித்தர். மாமாவிடம் வை.மு. கோபாலகிருஷ்ணமாச்சாரியார் உரையுடன் கூடிய கம்பராமாயணத் தொகுதிகள் இருந்தன. சண்டை போடுவதற்காகவே அப்பா அவற்றை ஒவ்வொன்றாக இரவல் வாங்குவார். திருப்பித் தரும்போது ஓரங்களில் பென்சில் குறிப்புகள் இருக்கும். “அத்தான், புத்தகத்தை வீணாக்குறீங்க” என்று மாமா சலித்துக்கொள்வார். ஆனால் அடுத்த தொகுதியைக் கொடுக்க ஒருநாளும் மறுத்ததில்லை.

1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மறுநாள் எங்கள் தெருமுனையிலிருந்த திமுக கொடிக்கம்பத்தை ஒரு கூட்டம் வெட்டிச் சாய்த்தது. எனக்கு அப்போது பதினோரு வயது. அன்று மாலை மாமா கதர்த் துண்டோடு வந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். விடியும்வரை எழவில்லை. அப்பாவிடம் ஒரு சொல் பேசவுமில்லை. அவருடைய துக்கத்தில் கோபமும் இருந்தது என்பது இப்போது எனக்குப் புரிகிறது. அதன்பின் ஆறு மாதம் இருவருக்கும் பேச்சில்லை. அந்த ஆறு மாதமும் கம்பராமாயணத் தொகுதிகள் மட்டும் என் கையில் இரண்டு வீடுகளுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தன. யுத்த காண்டத்தின் ஒரு தொகுதி திரும்பியபோது ஓரக் குறிப்புகள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. மாமா ஒவ்வொன்றையும் படித்து, சிலவற்றின் கீழே மறுமொழி எழுதி, அடுத்த தொகுதியோடு அதையும் திருப்பி அனுப்பினார். அந்தத் தொகுதிகள் இன்று என்னிடம் இருக்கின்றன. இரண்டு கையெழுத்துகளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இருவரும் தத்தம் கட்சியிலேயே இருந்து மறைந்தார்கள்.

ஒரு வீட்டுக்குள் நடந்ததைப் பொதுவாழ்வுக்கு அளவுகோலாக்க முடியுமா என்று கேட்கலாம். பொதுவாழ்விலும் அதற்குச் சான்று இருக்கிறது. 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய சா. கணேசன் காந்தியவாதி, விடுதலைப் போராட்ட வீரர், பின்னாளில், 1962இல், சுதந்திராக் கட்சியின் சார்பில் சட்டமன்றம் சென்றவர். அவர் கூட்டிய கம்பன் மேடையில் பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தம் பேசினார். நிலவுடைமை பற்றியும் தனியுடைமை பற்றியும் இருவரின் எண்ணங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று நினைத்துப் பாருங்கள். சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் கம்பன் விழாப் பட்டிமண்டபங்களில் நடுவராக அமர்ந்தார். அவர் நாத்திகரான பெரியாரின் நண்பராகவும் இருந்தார்.

சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகப் பல்லாண்டுகள் இருந்தவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயில். நாகூரில் பிறந்த இஸ்லாமியர். இராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது முறையா என்ற பழைய வழக்கை ஒரு நீதிபதியின் கண்ணோடு ஆராய்ந்து எழுதினார். அவசரநிலைக் காலத்தில் சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டதை விசாரித்த ஆணையமும் அவர் தலைமையில் அமைந்ததே. 1981இல், சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, கேரளத்துக்கு மாற்றப்பட்டதை ஏற்காமல் பதவி விலகினார். அணி சாராத மென்மையான மனிதர் என்று இவரைச் சொல்ல முடியாது. உறுதியான நிலைப்பாடுகள் கொண்டவர். கம்பனைப் பேச வந்ததனால் அவர் தம் சமயத்தையோ நிலைப்பாட்டையோ வாசலில் கழற்றிவைக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல் நான் மேலே பாராட்டிய ஒழுங்கை நானே மீறியவனாவேன். ‘அவை’ என்ற சொல் அழகானது. ஆனால் அந்த அவைக்குள் யார் நுழைய முடிந்தது? ஏட்டைத் தொடும் உரிமையே மறுக்கப்பட்டவர்களுக்கு, நூலைப் படித்துவிட்டு வந்து வாதிடு என்று சொல்வது கொடுமை. கம்பனைக் கொளுத்து என்ற குரல் இலக்கியச் சுவை பற்றிய கருத்து வேறுபாட்டில் பிறக்கவில்லை. பிறப்பினால் மனிதரைத் தாழ்த்தும் ஓர் ஏற்பாட்டுக்கு இந்தக் காவியங்கள் துணைநிற்கின்றன என்ற குற்றச்சாட்டில் பிறந்தது. அந்தக் குற்றச்சாட்டுக்கு விடை சொல்லாமல், ‘எல்லோரும் தமிழர்தானே, எதற்குச் சண்டை’ என்று தோளைத் தட்டுகிற ஒற்றுமை யாருக்கும் பயன்படாது. காயம்பட்டவனை வாயை மூடச் சொல்லிப் பெறுகிற அமைதியைவிட, அவன் சத்தம் போடுகிற சபையே மேல்.

ஆகவே பொதுத்தளம் என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, வாசல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, உள்ளே வந்தவர் தம் குறையை முழுக்கச் சொல்ல முடிய வேண்டும். எதிரில் இருப்பவர் அதைத் திரித்துவிடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமும் நூலகமும் பெருகிய பிறகு முதல் நிபந்தனை ஓரளவு நிறைவேறியிருக்கிறது. இன்று நாம் இழந்துகொண்டிருப்பது இரண்டாவதை.

கம்பனின் காவியத்துக்குள்ளேயே இந்த இரண்டாவது நிபந்தனை எப்படிப் பேணப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்களுக்குக் காட்டுவேன். அம்பு பட்டு வீழ்ந்த வாலி, காவியத் தலைவனை நோக்கிக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறான். கம்பன் அவனை அவசரமாகச் சாகவிடவில்லை. அவன் வாதம் முழுவதும் நம் காதில் விழும்வரை காத்திருக்கிறான். இராமனின் விடையும் இலக்குவனின் விடையும் பிறகே வருகின்றன. அந்த விடைகள் போதுமானவையா என்று இன்றுவரை பட்டிமண்டபங்களில் வாதிட முடிகிறதென்றால், வாலியின் தரப்பைக் கம்பன் வலுக்குறைத்துச் சொல்லவில்லை என்பதுதான் காரணம்.

யுத்த காண்டத்தில் இன்னொரு காட்சி. வீடணன் இராமன் பக்கம் போய்விட்டான்; கும்பகருணன் இராவணனுக்காகப் போர்க்களம் வந்திருக்கிறான். அண்ணன் செய்தது தவறு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கும்பகருணன் அதை இராவணன் முகத்துக்கு நேரே சொன்னவன். தவறு என்று தெரிந்தபின் என்ன செய்வது என்பதில்தான் பிரிவு. தன்னோடு வந்துவிடும்படி தம்பி அழைக்கிறான். அண்ணன் மறுக்கிறான். ஆனால் தம்பி சென்ற வழியை அவன் பழிக்கவில்லை. நாங்கள் மாண்டபின் நீர்க்கடன் செய்ய நீயாவது இரு என்கிறான். தழுவிப் பிரிகிறார்கள். மறுபடி இருவரும் எதிரெதிர் அணிகளுக்கே திரும்புகிறார்கள். என் அப்பாவின் பென்சில் குறிப்புகள் மிகுந்திருந்த தொகுதி எது என்று இப்போது வாசகர் ஊகித்திருக்கலாம்.

சென்ற ஆண்டு முதுகலை இரண்டாமாண்டு வகுப்பில் வாலி வதைப் படலம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, “இது சமய நூல்தானே ஐயா, இதை எதற்கு எங்களைப் படிக்கச் சொல்கிறீர்கள்?” என்றார். இன்னொருவர், அப்படிக் கேட்பதே தம் நம்பிக்கையை அவமதிப்பதாகும் என்றார். இருவரும் விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்து, அரசியல் காரணமாக வேறு வேறு அறைகளுக்கு மாறிக்கொண்டவர்கள் என்று பிறகு தெரிந்தது. இருவருக்கும் ஒரே ஒப்படைவைக் கொடுத்தேன். மற்றவருடைய வாதத்தை இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். அதைப் படித்துவிட்டு அந்த மற்றவர், ‘நான் சொல்வது இதுதான்’ என்று அடியில் கையொப்பமிட்டால்தான் மதிப்பெண்.

எளிதாக முடியவில்லை. முதல் முறை எழுதியவை இரண்டும் கேலியாக இருந்தன; இருவரும் கையொப்பமிட மறுத்தார்கள். இரண்டாம் முறை ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் முறைதான் இரண்டு தாள்களும் கையொப்பத்தோடு என் மேசைக்கு வந்தன. நம்பிக்கையாளரான மாணவர் அதற்காகவே ‘தீ பரவட்டும்’ நூலை முழுவதும் படித்திருந்தார். மற்றவர், ஒரு மனிதனுக்குக் காலையில் ஒரு படலம் வாசித்துவிட்டு நாளைத் தொடங்குவது என்னவாக இருக்கும் என்பதை இரண்டு பத்திகளில் எழுதியிருந்தார். அதைக் கேலியின்றி எழுதியிருந்தார்.

அவர்கள் மீண்டும் நண்பர்களானார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வேறு வேறு அறைகளில்தான் இருந்தார்கள். இருவருடைய அரசியலும் மாறவில்லை. ஆனால் பருவத்தின் இறுதியில் நடந்த கருத்தரங்கில் மூன்றாவது மாணவர் ஒருவர், கம்பனை மறுப்பவர்கள் எல்லோரும் தமிழ்ப் பகைவர்கள் என்ற பொருளில் பேசினார். உடனே எழுந்து, “அவர்கள் சொல்வது அதுவன்று” என்று திருத்தியவர் அந்த நம்பிக்கையாளர். திருத்திவிட்டு, அந்த வாதத்தைச் சரியாகச் சொல்லி, பிறகு அதைத் தாம் ஏன் ஏற்கவில்லை என்றும் சொன்னார். நன்னூலார் அங்கே இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஒரு சமூகம் பிளவிலிருந்து மீள்வதென்றால் இதற்கு மேல் பெரிதாக எதையும் நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். எதிர்த்தரப்பில் இருப்பவன் இல்லாத இடத்திலும் அவன் சொல்லைத் திரிக்காமல் சொல்ல நாலு பேர் வேண்டும். வீட்டில், தெருவில், ஆசிரியர் அறையில் அத்தகைய நாலு பேர் இருந்தால், தேர்தல்கள் வரும், போகும். மேசைகள் பிரியாமல் இருக்கும்.

1968 ஜனவரியில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. முதலமைச்சராக இருந்தவர் அண்ணா. அதையொட்டி மெரினா கடற்கரையில் பத்துச் சிலைகள் நிறுவப்பட்டன. திருவள்ளுவர், ஔவையார், கண்ணகி, பாரதியார், பாரதிதாசன் என்று செல்லும் அந்த வரிசையில் கிறித்துவப் பாதிரியார்களான வீரமாமுனிவர், கால்டுவெல், போப் ஆகியோரும் இருக்கிறார்கள், கம்பரும் இருக்கிறார். கம்பனைக் கொளுத்த வேண்டும் என்று இரண்டு மேடைகளில் வாதிட்டவரின் ஆட்சியில் அந்தச் சிலை எழுந்தது. ‘தீ பரவட்டும்’ நூலும் ‘கம்பரசம்’ நூலும் அதனால் மறைந்துவிடவில்லை; அவையும் இன்றுவரை படிக்கப்படுகின்றன. சிலைக்கு எதிரே நின்று அந்த நூலைப் படிக்கலாம். படித்துவிட்டு நிமிர்ந்து சிலையையும் பார்க்கலாம். இரண்டுக்கும் அந்தக் கடற்கரையில் இடம் இருக்கிறது.